எந்தப் பெட்டியை எந்தப் பறவை எடுக்கும்?

தோட்டத்தில் ஒரே ஒரு கூட்டுப் பெட்டியை மாட்டிவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காத்திருந்து, “குருவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை” என்று கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெட்டி ஒன்றாக இருந்தால் பறவை சொல்லக்கூடிய பதில் வேண்டும் அல்லது வேண்டாம் என்பதுதான். ஏன் வேண்டாம் என்பது நமக்குத் தெரிவதே இல்லை. துளை பெரிதா, சுவர் சுடுகிறதா, பூனை நடக்கும் மதிலுக்குப் பக்கமா, ஒன்றும் புரியாது. அதனால் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே: குறைந்தது மூன்று பெட்டிகளை, துளையிலோ இடத்திலோ உயரத்திலோ ஒன்றுக்கொன்று வித்தியாசமாக மாட்டுங்கள். பிறகு பறவையைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். அது எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று பார்த்து அடுத்த ஆண்டுக்கான பெட்டியைச் செய்யுங்கள்.

பெட்டிக்கு வருபவை, வராதவை

பெட்டி செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் தோட்டத்தைக் கவனியுங்கள். யார் வருகிறார்கள் என்று தெரியாமல் பெட்டி செய்வது வீண். தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். தேன்சிட்டு மெல்லிய கிளை நுனியிலோ வாசல் கொடிக்கம்பியிலோ பை மாதிரி தொங்கவிடும். கொண்டைக்குருவி செடிக்குள் கிண்ணம் வைக்கும். தவிட்டுக்குருவிக்கு அடர்ந்த புதர் போதும். இவற்றில் எதுவும் எவ்வளவு அழகான பெட்டி வைத்தாலும் வராது. இவற்றுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, மருதாணியையும் செம்பருத்தியையும் கூடு கட்டும் பருவத்தில் கத்தரிக்காமல் விடுவது.

பெட்டியைத் தேடுவது பொந்தில் முட்டையிடும் பறவைகள்தாம். தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டத்தில் அவை சிட்டுக்குருவி, குண்டுகரிச்சான், மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் பட்டாணிக் குருவியையும் சேர்த்துக்கொள்ளலாம். குக்குறுவானும் பொந்துப் பறவைதான். ஆனால் பட்டுப்போன முருங்கைக் கிளை மாதிரி மெத்தென்ற மரத்தில் தானே துளைத்துக்கொள்ளும். அதற்குப் பெட்டி தேவையில்லை, பட்ட கிளை தேவை. வீட்டுக்கு மேல் விழாத இடத்தில் பட்ட கிளை இருந்தால் வெட்ட வேண்டாம். குக்குறுவானும் மரங்கொத்தியும் விட்டுப்போகும் பொந்துகள்தாம் மற்ற பறவைகளின் வீடுகள். அந்தப் பொந்துகள் குறைந்ததால்தான் பெட்டி என்ற ஏற்பாடே வேண்டியிருக்கிறது.

சிட்டுக்குருவியின் கதை சற்று வேறு. அது மரப்பொந்தைவிட மனிதன் கட்டிய வீட்டில் உள்ள இடுக்குகளை நம்பி வாழப் பழகிய பறவை. நாட்டு ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே இருந்த சந்து, தாழ்வாரத்து உத்தரம், சுவரில் சாய்வாக மாட்டிய தாத்தா பாட்டி படத்தின் பின்புறம் ஆகியவை அது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடங்கள். கான்கிரீட் கூரையில் சந்து கிடையாது, படமும் சுவரோடு ஒட்டிவிட்டது. நாம் மாட்டும் பெட்டி, அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்ட ஒரு சந்தைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

துளைதான் வாசல், துளைதான் பூட்டு

பறவை பெட்டியில் முதலில் பார்ப்பது துளையை. தன் உடம்பு நுழைய வேண்டும், தன்னைவிடப் பெரியது நுழையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில மில்லிமீட்டர்களில்தான் எல்லாம் முடிவாகிறது.

இதை நன்றாக ஆராய்ந்தவர்கள் ஐரோப்பியர்கள். ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் இன்றுவரை பெட்டிகளில் கூடுகட்டும் சிட்டுகளை ஆண்டுதோறும் கண்காணித்து வருகிறார்கள். அங்கே பெருஞ்சிட்டு, நீலச்சிட்டு என்று இரண்டு நெருங்கிய உறவுகள். பெருஞ்சிட்டு சுமார் 18 கிராம், நீலச்சிட்டு 11 கிராம். 32 மி.மீ. துளை போட்டால் இரண்டும் நுழையும், ஆனால் சண்டையில் பெரியதுதான் ஜெயிக்கும். 26 மி.மீ. துளை போட்டால் பெரியதுக்கு வழியில்லை. பெல்ஜியத்தில் சிறிய துளைப் பெட்டிகளைக் கூடுதலாக வைத்தபோது நீலச்சிட்டுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. அதுவரை அவற்றுக்குக் குறையாக இருந்தது பெரியவன் பிடுங்க முடியாத இடம்தான்.

நம் தோட்டத்தில் பெருஞ்சிட்டின் இடத்தில் இருப்பது மைனா. சிட்டுக்குருவிப் பெட்டிக்கு 32 மி.மீ. துளை. நம் ஆசாரிகள் கணக்கில் ஒன்றேகால் அங்குலம். இந்த அளவில் மைனா தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். கடைகளில் விற்கும் அலங்காரப் பெட்டிகள் பலவற்றில் துளை இரண்டு அங்குலம், இரண்டரை அங்குலம் என்று இருக்கிறது. “பெரிதாக இருந்தால் குருவிக்கு வசதி” என்ற நல்லெண்ணம் அது. ஆனால் அந்த வசதி மைனாவுக்கும் அணிலுக்கும் போய்ச் சேரும், காகத்தின் அலகுக்கும் இடம் கொடுக்கும். அப்படிப்பட்ட பெட்டி உங்களிடம் இருந்தால் தூக்கியெறிய வேண்டாம். ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட ஒரு தகரத் தகட்டை முகப்பில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள், விளிம்பை மட்டும் அரத்தால் மழுங்கத் தேய்த்துவிடுங்கள். அணில் பல்லால் கடித்துத் துளையை அகலமாக்குவதையும் இந்தத் தகடு தடுக்கும்.

மலையூர்ப் பட்டாணிக் குருவிக்கு 28 மி.மீ. போதும். குண்டுகரிச்சானுக்கு நான் சொல்வது ஒன்றேமுக்கால் அங்குலம், அதாவது 45 மி.மீ. கரிச்சான் தாராளமாக நுழையும், மைனாவுக்கு இறுக்கம். புள்ளி ஆந்தைக்கு மூன்றரை அங்குலம்.

துளைக்கு வெளியே உட்காரக் குச்சி வைக்கவே வைக்காதீர்கள். பொந்துப் பறவைக்கு அது தேவையில்லை, துளை விளிம்பைப் பற்றிக்கொண்டே நுழையும். அந்தக் குச்சி பயன்படுவது உள்ளே இருக்கும் குஞ்சை எட்டிப் பிடிக்க வரும் காகத்துக்கு.

மைனாவைப் பற்றி ஒரு தூரதேசச் செய்தி. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவுகளில் நம் குண்டுகரிச்சானின் நெருங்கிய உறவான ஒரு கரிச்சான் உண்டு. 1990 வாக்கில் உலகத்திலேயே ஃப்ரெகேட் என்ற ஒரே தீவில், இருபதுக்குச் சற்று மேற்பட்ட பறவைகள்தாம் மிஞ்சியிருந்தன. அவற்றைக் காப்பாற்றச் செய்த வேலைகளில் கூட்டுப் பெட்டியும் ஒன்று. அங்கே பெட்டிக்குப் போட்டிக்கு வந்தது மனிதர்கள் கொண்டுபோய்விட்ட மைனா. மைனாவைக் கட்டுப்படுத்தி, காட்டைச் சீர்செய்து, பக்கத்துத் தீவுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியேற்றியதில் எண்ணிக்கை இன்று இருநூறைத் தாண்டிவிட்டது. நம் ஊரில் மைனா மண்ணின் பறவை, அதன்மேல் பகை வேண்டாம். குருவிக்கென்று நினைத்த பெட்டியில் துளையைச் சரியான அளவில் போட்டால் போதும். மைனாவுக்கும் இடம் தர விரும்பினால் குருவிப் பெட்டியிலிருந்து தள்ளி, வீட்டின் மறுபக்கத்தில், இரண்டு அங்குலத்துக்கு மேல் துளை வைத்துத் தனியாக ஒன்று மாட்டுங்கள்.

அமெரிக்கத் தோட்டக்காரர்களின் கவலை இதற்கு நேர் எதிர். அங்கே சிட்டுக்குருவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்து விடப்பட்ட பறவை. அது உள்ளூர் நீலப்பறவையின் பெட்டிகளைப் பறித்துக்கொள்கிறது. எனவே அவர்களின் கையேடுகளில் பாதி, குருவி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான். இணையத்திலிருந்து ஒரு பெட்டி வரைபடத்தை இறக்கி ஆசாரியிடம் கொடுப்பதற்குமுன், அது எந்த நாட்டில், எந்தப் பறவைக்காக வரையப்பட்டது என்று பாருங்கள்.

வெயில்

நம் ஊர்ப் பெட்டிகள் காலியாகக் கிடப்பதற்குத் துளைக்கு அடுத்தபடி வெயிலே காரணம் என்பது என் முடிவு. குளிர்நாட்டுக் கையேடுகள் குஞ்சு குளிரில் விறைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும். நமக்கு அது வெந்துபோகாமல் பார்க்க வேண்டும். பறவைகள் மும்முரமாகக் கூடுகட்டும் மாசி, பங்குனி முதல் ஆனி வரையான காலம்தான் வெயில் உச்சத்தில் நிற்கும் காலமும்.

“வடக்குப் பார்த்து மாட்டுங்கள், நிழலாக இருக்கும்” என்பது அந்தக் கையேடுகளிலிருந்து நம்மிடம் வந்த அறிவுரை. அது தமிழ்நாட்டுக்கு முழுதாகப் பொருந்தாது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், சித்திரையிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் உச்சிவேளையில் நம் தலைக்குச் சற்று வடக்கே போகிறது. கோடையில் வடக்குச் சுவரிலும் காலையும் மாலையும் வெயில் படும். மே மாதத்தில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கும், பன்னிரண்டுக்கும், நான்குக்கும் வீட்டைச் சுற்றி வந்து எந்தச் சுவரில் எப்போது வெயில் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவர் எந்த மாதத்திலும் வேண்டாம். மற்ற திசைகளில், திசையைவிட மேலே சன்ஷேடு இருக்கிறதா, பக்கத்தில் வேம்போ மாமரமோ நிழல் தருகிறதா என்பதே முக்கியம். வாசல் வராந்தாவின் உட்புறம் குருவிக்கு மிகப் பிடித்த இடம். அங்கே மின்விசிறி ஓடினால் மட்டும் மாட்டாதீர்கள். விசிறியில் அடிபட்டுச் சாகும் குருவிகள் ஏராளம்.

மரம் முக்கால் அங்குலப் பலகையாக இருக்கட்டும். மெல்லிய பிளைவுட் சூட்டை அப்படியே உள்ளே விடும், மழையில் உரிந்தும் போகும். பிளாஸ்டிக் பெட்டி, பிவிசி குழாய், தகரக் கூரை மூன்றையும் வெயிலில் மாட்டவே கூடாது. செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி, மழை படாத உள்வராந்தாவில் மட்டும் ஒரு பருவம் தாங்கும். மரப்பெட்டியின் கூரைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே விரல் கனத்துக்கு இடைவெளி விட்டால் சூடு வெளியேறும். தரைப் பலகையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு சிறு துளை, தண்ணீர் வடிய. உட்புறம் வார்னிஷோ பெயின்டோ கூடாது. துளைக்குக் கீழே உள்பக்கம் ரம்பத்தால் குறுக்குக் கோடுகள் கீறிவிடுங்கள். குஞ்சு பற்றி ஏற அதுதான் படி.

மண்கலயத்துக்கு ஒரு வார்த்தை. சூட்டைத் தாங்குவதில் அது பலகைக்குச் சளைத்ததில்லை, விலையும் குறைவு. ஆனால் துளையைச் சூளைக்குப் போகும் முன்பே குயவரிடம் சொல்லி அளவாக வெட்டச் செய்ய வேண்டும். சுட்ட கலயத்தை நாமே உடைத்துத் துளை போட்டால் விளிம்பு கத்தியாகிவிடும். உள்ளே வழுக்கும் என்பதால் கைப்பிடி தேங்காய் நார் போட்டுவையுங்கள். சென்னையில் கூடுகள் அறக்கட்டளையினர் பள்ளிப் பிள்ளைகளின் கையாலேயே மரப்பெட்டி செய்யவைக்கிறார்கள். தான் செய்த பெட்டியில் குருவி குடிவருவதைப் பார்க்கும் பிள்ளை அந்தக் குருவியை ஒருநாளும் மறக்காது. உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தால் ஆணி அடிக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

உயரம், ஆழம், அண்டை வீடு

குருவிப் பெட்டியின் தரை ஐந்துக்கு ஆறு அங்குலம், துளையின் கீழ்விளிம்பிலிருந்து தரைவரை ஐந்து அங்குலம். இதைவிட ஆழம் குறைந்தால் பூனையின் கை எட்டும். தரையிலிருந்து எட்டு, பத்து அடி உயரம். கரிச்சானுக்கு ஆறு அங்குலச் சதுரத் தரை போதும். செடிகளின் நிழலில் ஆறு அடி உயரத்தில் வைத்தாலும் எடுத்துக்கொள்ளும். ஆந்தைக்கு எட்டு அங்குலச் சதுரத் தரையும் ஓரடி ஆழமும் வேண்டும். அதைக் கொல்லைப்புறத்துப் பெரிய மரத்தில் கட்டுங்கள், குருவிப் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். பச்சைக்கிளிக்கும் பெரிய பொந்துதான் பிடிக்கும். வந்தால் மகிழ்ச்சி. ஆனால் குஞ்சை எடுத்துக் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

அண்டை அயல் விஷயத்தில் குருவியும் கரிச்சானும் இரு துருவங்கள். குருவி கூட்டமாக வாழப் பிரியப்படும். ஒரே சுவரில் மூன்றடி இடைவெளியில் நாலைந்து பெட்டிகள் மாட்டலாம். கரிச்சான் தன் எல்லைக்குள் இன்னொரு கரிச்சானை விடாது. ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஜோடிதான். அதற்கு இரண்டு பெட்டி வைத்தால், அந்த ஒரு ஜோடிக்குத் தேர்ந்தெடுக்க இரண்டு இடம் என்றுதான் பொருள்.

இரை வைக்கும் தட்டைப் பெட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். நொய்யரிசிக்கும் கம்புக்கும் வரும் காகமும் மைனாவும் கூட்டையும் கண்டுகொள்ளும். பத்துப் பதினைந்தடி தள்ளி வையுங்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. குருவி தானியம் தின்னும் பறவை என்றாலும் முதல் சில நாட்கள் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். அவரைப் பந்தலுக்கும் கத்தரிக்கும் மருந்து அடிக்கும் வீட்டில் பெட்டி இருந்தும் பயனில்லை.

தேர்ந்தெடுப்பதைப் பார்ப்பது

மழை ஓய்ந்ததும், மார்கழியிலோ தையிலோ பெட்டிகளை மாட்டிவிடுங்கள். புதுப்பொருளைக் கண்டால் குருவிக்குச் சந்தேகம். கூடுகட்டும் காலம் வருவதற்குள் அது பழகிப்போயிருக்க வேண்டும்.

முதலில் வருவது ஆண்குருவி. தொண்டையில் கறுப்புத் திட்டு உள்ளது. பெட்டியின் மேலும் துளை வாசலிலும் உட்கார்ந்து ஓயாமல் கத்தும். இடையிடையே ஒரு துரும்பைக் கொண்டுவந்து உள்ளே போடும். இது இடம் பிடித்துவிட்டேன் என்ற அறிவிப்பு. பெண் வந்து, தலையை மட்டும் நுழைத்துப் பார்க்கும், போகும், மறுபடி வரும், உள்ளே புகுந்து வெளியே வரும். இது பல நாள் நடக்கும். ஒரே ஆண் இரண்டு மூன்று பெட்டிகளிலும் துரும்பு போடுவது உண்டு. துரும்பைக் கண்டதும் குடிவந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெண் வாயில் புல்லோ நாரோ இறகோ எடுத்துக்கொண்டு ஒரே துளைக்குள் திரும்பத் திரும்பப் போனால்தான் முடிவாகிவிட்டது என்று பொருள். அந்த நாட்களில் காய்ந்த புல்லும் தேங்காய் நாரும் தோட்டத்தில் கிடக்கட்டும். நைலான் நூல், மீன் நரம்பு, தலைமுடிக் கற்றை ஆகியவற்றைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள். குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் கால் அழுகிப்போகும்.

கவனித்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பெட்டிக்கு எந்தப் பறவை வந்தது, எந்த நேரத்தில், போகும்போது விரட்டியது யார். ஒரு பருவக் குறிப்பு போதும், உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தும் பெட்டி எது என்று தெரிந்துவிடும். நிழல் பெட்டியை எடுத்து வெயில் பெட்டியை விட்டால் காரணம் சூடு. உயரத்துப் பெட்டியை எடுத்துத் தாழ்ந்ததை விட்டால் பூனையையோ நாயையோ சந்தேகப்படலாம். மூன்றையும் பார்த்துவிட்டு மூன்றையும் விட்டால், பெட்டியில் குறையில்லை. சுற்றுவட்டாரத்தில் இரையோ, ஒளிய அடர்ந்த செடியோ, மண்குளியல் போடப் புழுதித் தரையோ இல்லை என்று அர்த்தம். அப்போது பெட்டிக்குச் செலவு செய்வதை நிறுத்திவிட்டுச் செடி வையுங்கள்.

ஒரு முழுப் பருவம் காலியாகக் கிடந்த பெட்டியைத் தயங்காமல் இடம் மாற்றலாம். பருவத்தின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். நமக்குத் தெரியாமல் ஒரு ஜோடி அதைப் பார்த்துப்போய்க்கொண்டிருக்கலாம்.

முட்டையிட்ட பிறகு

குருவி மூன்று முதல் ஐந்து முட்டை இடும். அடைகாக்க ஏறக்குறைய பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். மைனாவுக்கு இரண்டும் சேர்ந்து சுமார் ஆறு வாரம் ஆகும். இந்தக் காலத்தில் பெட்டியைத் திறக்க வேண்டாம், கைப்பேசியை உள்ளே நுழைத்துப் படம் எடுக்கவும் வேண்டாம். தொலைவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதே போதும்.

குஞ்சுகள் பறந்துவிட்டதும் பெட்டியைச் சுத்தம் செய்ய அவசரப்படாதீர்கள். குருவி அதே பெட்டியில் அடுத்த ஈடும் இடும். இரண்டு வாரம் எந்த நடமாட்டமும் இல்லை என்றால், முகத்தில் துணி கட்டி, கையுறை போட்டுப் பழைய கூட்டை எடுங்கள். அதில் உண்ணிகள் இருக்கும். பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டுங்கள். பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்.

சில சமயம் நாம் மாட்டிய பெட்டிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பறவை மீட்டர் பெட்டியையோ ஏசி குழாய்த் துளையையோ தேர்ந்தெடுக்கும். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-ல் தெருவிளக்குச் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டது. கூடு கலையாமல் இருக்க ஊர்மக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கை எரிக்காமல் இருந்தார்கள். உங்கள் வீட்டில் அவ்வளவு பெரிய தியாகம் தேவைப்படாது. வெள்ளையடிக்கவோ குழாய் மாற்றவோ ஆள் வந்து நிற்கும்போது சுவரில் கூடு இருந்தால், அந்த ஒரு சுவரை மட்டும் ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.